32 பக்க ரசிகர் இதழ்: டம்மியிலிருந்து தபால் வரை

ரசிகர் இதழ் தொடங்குபவர்களில் பெரும்பாலானோர் முதலில் கட்டுரை கேட்கிறார்கள். பிறகு தட்டச்சு, அதன் பிறகு வடிவமைப்பு, கடைசியில்தான் அச்சகம். சிக்கல் இந்த வரிசையிலேயே இருக்கிறது. எத்தனை பிரதி, என்ன அளவு, எத்தனை பக்கம், எங்கே மடிப்பு என்பவற்றை முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். கட்டுரை அதற்குப் பிறகுதான்.

எடுத்துக்காட்டுக்கு நாகஸ்வர ரசிகர்கள் சிலர் கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் கூடி நடத்தும் இதழ் ஒன்றை வைத்துக்கொள்வோம். 32 பக்கம், தனி அட்டை, நடுவில் பின் (ஸ்டேப்பிள்). சினிமாப் பாட்டு, காமிக்ஸ், பழைய வானொலி என்று உங்கள் பொருள் எதுவானாலும் வேலையின் வரிசை இதேதான்.

1. தேதியும் பிரதி எண்ணிக்கையும்

வெளியிடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். திருவையாறு தியாகராஜ ஆராதனையில் கொடுக்க வேண்டும் என்றால் அது திதியைப் பொறுத்து வரும் நாள். 2024-இல் ஜனவரி 30, 2025-இல் ஜனவரி 18, 2026-இல் ஜனவரி 7. மூன்று வாரம் முன்னே பின்னே போகிறது. பஞ்சாங்கம் பார்க்காமல் ‘ஜனவரிக் கடைசி’ என்று வைத்துக்கொண்டால் பந்தல் பிரித்த பிறகுதான் கட்டு வந்து இறங்கும்.

டெல்டாவில் நடுத்தர அச்சகங்கள் பலவற்றுக்குக் கல்யாணப் பத்திரிகைதான் சோறு போடும் வேலை. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பு உங்கள் இதழ் வரிசையில் பின்னால் தள்ளப்படும். ஆடித் தொடக்கம் நல்ல காலம். மார்கழியில் கல்யாணம் இருக்காது, ஆனால் தைக் கல்யாணப் பத்திரிகையோடு காலண்டர், டைரி வேலையும் நிறைந்திருக்கும். ஜனவரி இதழுக்குக் கார்த்திகை முடிவதற்குள் பக்கங்களைப் பூட்டிவிடுங்கள்.

பிரதி எண்ணிக்கைதான் அச்சு முறையைத் தீர்மானிக்கிறது. 100, 150 பிரதி என்றால் ஜெராக்ஸ் அல்லது டிஜிட்டல் அச்சு. 500-ஐத் தாண்டினால் ஆஃப்செட், அதாவது பக்கத்தை உலோகத் தகட்டில் (பிளேட்) ஏற்றி அச்சடிக்கும் முறை. ஆஃப்செட்டில் பிளேட் போடும் செலவு 50 பிரதிக்கும் ஒன்றுதான், 1,000 பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை கூடக் கூடப் பிரதியின் விலை இறங்கும். நடுவில் உள்ள எண்ணிக்கைக்கு இரண்டு இடத்திலும் விலை கேட்டுப் பாருங்கள்.

முதல் இதழை 150-க்கு மேல் அடிக்க வேண்டாம். தேவைப்பட்டால் ஜெராக்ஸ் கடையில் இன்னும் 50 எடுப்பது அரை நாள் வேலை. விற்காத 350 பிரதியை ஐப்பசி அடைமழையில் வீட்டில் வைத்துக் காப்பது அப்படியல்ல.

2. அளவு, பக்கம், எடை

ஜெராக்ஸ் என்றால் ஏ4 தாளை நடுவில் மடித்த ஏ5 அளவு: 148 × 210 மி.மீ. ஆஃப்செட் என்றால் டெமி 1/8, அதாவது டெமி என்ற தாளில் எட்டில் ஒரு பங்கு: வெட்டிய பிறகு சுமார் 5.5 × 8.5 அங்குலம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரிந்தாலும் ஒன்றுக்குக் கட்டிய பக்கத்தை மற்றதில் அப்படியே போட முடியாது. டெமி சற்று உயரமானது.

நடுவில் பின் அடிக்கும் இதழின் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருந்தே ஆக வேண்டும். ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கிறது, அவ்வளவுதான் காரணம். 30 பக்கத்துக்கு விஷயம் இருக்கிறது என்றால் 28-க்குக் குறையுங்கள், அல்லது 32-க்கு நிரப்புங்கள். ஆஃப்செட்டில் 16 பக்கம் ஒரு பாரம். 18 × 23 அங்குல டெமி தாள் ஒன்று இருபுறமும் அச்சானால் 16 பக்கம் வரும். ஆகவே அங்கே 16, 32, 48 என்று போவதுதான் சிக்கனம்.

தபால் எடையை இப்போதே பார்த்துவிடுங்கள். 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 70 கிராம்) ஏ4 தாள் ஒன்று 4.4 கிராம். 32 பக்கத்துக்கு 8 தாள், அதாவது 35 கிராம். அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு போட்டால் அது 15.6 கிராம். கூட்டினால் உறை போடும் முன்பே 50-ஐத் தாண்டிவிட்டது. ஸ்பீடு போஸ்டில் 50 கிராம் ஒரு படி, அதற்கு மேல் அடுத்த கட்டணம். அட்டையை 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பராக மாற்றினால் மொத்தம் 46 கிராமுக்குள் நிற்கும். மெல்லிய உறையோடு 50-க்குள் அடக்கிவிடலாம். தடித்த அட்டை கைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நூறு பேருக்கு அனுப்பும்போது அந்த ஐந்து கிராமுக்கும் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

3. டம்மி

டம்மி என்பது வெற்றுத் தாளில் மடித்த இதழின் மாதிரி. இதைத் தவிர்த்துவிட்டு எதையும் தொடங்காதீர்கள். எட்டு ஏ4 தாளை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்து, பென்சிலால் 1 முதல் 32 வரை பக்க எண் எழுதுங்கள். பிறகு தாள்களைப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளின் ஒரு புறம் 32-உம் 1-உம், மறுபுறம் 2-உம் 31-உம் இருக்கும். அடுத்த தாளில் 30-3, 4-29. எந்தப் புறத்தைப் பார்த்தாலும் இரண்டு எண்ணின் கூட்டுத்தொகை 33. இந்தக் கணக்குப் பிசகினால் பக்க அடுக்கில் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள்.

கடைசித் தாளின் உட்புறம் 16-உம் 17-உம். இதழ் முழுவதிலும் அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டு பக்கமும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அமையும் ஒரே இடம் இது. நாகஸ்வரம், தவில், தாளம், சுருதிப்பெட்டி எல்லாம் தெரியும் முழுக் கச்சேரிப் படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட வேண்டுமென்றால் இங்கேதான் போட வேண்டும். வேறு இடத்தில் போட்டால் இடது பாதி ஒரு தாளிலும் வலது பாதி வேறொரு தாளிலும் அச்சாகி, நாகஸ்வரத்தின் குழல் நடுவில் ஒடிந்தது போல ஒரு மி.மீ. மேலும் கீழுமாகத் தெரியும். நடுப்பக்கத்திலும் மடிப்புக்கோட்டின் மேல் யாருடைய முகமும் வரக்கூடாது. பின் அங்கேதான் குத்தும்.

வண்ணப் பக்கத்தையும் டம்மியில்தான் முடிவு செய்ய வேண்டும். ஜெராக்ஸ் கடையில் வண்ணத்துக்கான காசு தாளின் ஒரு புறத்துக்குக் கணக்கு. 16-17 ஒரு புறம். அவற்றை மட்டும் வண்ணமாக்கினால் ஒரு புறத்துக்குத்தான் காசு. 5-ஆம் பக்கமும் 12-ஆம் பக்கமும் வண்ணம் வேண்டும் என்று கேட்டால் இரண்டு தனித்தாள், இரண்டு காசு.

இனி ஒவ்வொரு பக்கத்திலும் என்ன வரும் என்று எழுதுங்கள். ஏ5 பக்கத்தில் 11 புள்ளி (பாயின்ட்) எழுத்து, 16 புள்ளி வரி இடைவெளி வைத்தால் 31 வரி வரும். ஏறக்குறைய 170 முதல் 200 சொல். நான்கு பக்கக் கட்டுரை என்றால் தலைப்பு, ஒரு படம் போக 600 சொல். எழுதுபவரிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ‘எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்க’ என்று சொல்லி வாங்கிய 2,000 சொல் கட்டுரையைப் பிறகு வெட்டினால் மனவருத்தம் மிஞ்சும்.

4. அனுமதியும் பதிவும்

படம் கேட்கும்போதே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்: “ஐயா, வணக்கம். உங்க அப்பா தவில் வாசிக்கிற இந்தப் படத்தை எங்க ரசிகர் இதழ்ல, படம் எடுத்தவர் பேரோட போட்டுக்கலாமா?” அவர் ‘சரி’ என்று அனுப்பும் பதிலைச் சேமித்து வையுங்கள். படம் அந்தக் குடும்பத்திடம் இருப்பதாலேயே உரிமையும் அவர்களுடையது ஆகிவிடாது. எடுத்தவர் யார், எந்த ஸ்டூடியோ என்று கேட்பது அதனால்தான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி (1957) எழுத்துக்கு எழுதியவர் இறந்து 60 ஆண்டு, ஒளிப்படத்துக்கு வெளியான பிறகு 60 ஆண்டு உரிமை உண்டு. தியாகராஜர் மறைந்தது 1847. அவர் கீர்த்தனையின் சாகித்தியத்தைத் தாராளமாக அச்சிடலாம். ஒரு நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டின் உறைப்படம் வேறு விஷயம். விமர்சனத்துக்காகச் சில வரி மேற்கோள் காட்டுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. சினிமாப் பாட்டை முழுசாகப் போடுவது அதில் அடங்காது.

பதிவு பற்றி: 1867-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாகப் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம், 2023, 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. குறிப்பிட்ட கால இடைவெளியில், பொதுச் செய்தியோ அதன்மீதான கருத்தோ தாங்கி வரும் வெளியீட்டை அது பருவ இதழாகக் கொள்கிறது. விண்ணப்பம் பிரஸ் சேவா இணையதளம் வழியாக. ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அட்டையில் அச்சிடுவது பழைய வழக்கம், ஆனால் அந்தச் சொல்லையே விலக்கு என்று நம்பி இருந்துவிடாதீர்கள். மாதாமாதம் நடத்தும் எண்ணமிருந்தால் பெயர் வைக்கும் கட்டத்திலேயே பதிவைப் பாருங்கள். நான்கு இதழ் போன பிறகு பெயர் வேறொருவருடையது என்று தெரிந்தால் எல்லாமே மாற வேண்டியிருக்கும்.

5. சொல் பட்டியலும் தட்டச்சும்

ஒரு தாளில் சொல் பட்டியல் போடுங்கள். நாகஸ்வரமா, நாதஸ்வரமா, நாகசுரமா? மாயவரமா, மயிலாடுதுறையா? குடந்தையா, கும்பகோணமா? டி.என். ராஜரத்தினம் பிள்ளையா, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையா? எது வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளுங்கள், இதழ் முழுக்க ஒன்றே இருக்கட்டும். ஆறு பேர் எழுதும் இதழில் ஆறு விதமாகத்தான் வரும். கடைசி நாளில் சரிசெய்ய உட்கார்ந்தால் பாதி விட்டுப்போகும்.

கட்டுரைகளை யூனிகோடில் மட்டும் வாங்குங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்தால், உங்கள் கணினியில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எழுத்துரு மாற்றி மென்பொருள் மூலம் மாற்றலாம். மாற்றிய பிறகு ஔகாரத்தைப் பாருங்கள். ‘கௌரவம்’ என்பது பெரும்பாலும் ‘கெ’ போட்டுத் தனி ‘ள’ போட்டதாக வந்திருக்கும். கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், தேடும்போது கிடைக்காது.

அதைச் சரிசெய்ய ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை அழுத்தாதீர்கள். ‘கெள’ எல்லாம் ‘கௌ’ ஆகும்போது கெளுத்தி மீனும் சேர்ந்து கெட்டுப்போகும். ‘வெள’ மாறினால் வெளி, வெளிச்சம் எல்லாம் உடையும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். அதேபோல் துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ தட்டியிருப்பார்கள், மாறியும் தட்டியிருப்பார்கள். சிறிய எழுத்தில் இது தப்பிவிடும். 16 புள்ளிக்குப் பெரிதாக்கிப் படித்தால் பிடிபடும்.

குரல்வழித் தட்டச்சு செய்த கட்டுரையில் ராகப் பெயரும் ஊர்ப் பெயரும்தான் முதலில் அடிபடும். அந்தக் கட்டுரைகளில் பெயர்ச்சொற்களை மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள்.

6. படங்கள்

எல்லா இதழிலும் அதிகம் கெடுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி (பிக்சல்) வேண்டும். 1,200 புள்ளி அகலமுள்ள படத்தை 4 அங்குல அகலத்துக்கு மேல் போட முடியாது. போனில் பளிச்சென்று தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்’ என்று கேளுங்கள்.

வீட்டுச் சுவரில் மாட்டிய பழைய படத்தைச் சட்டத்தோடு போனில் எடுக்க நேர்ந்தால் ஜன்னல் ஓரம் கொண்டுபோங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், பிளாஷ் வேண்டாம், போன் படத்துக்கு நேராக இருக்கட்டும். எதிரே ஒருவர் கறுப்புத் துணியைப் பிடித்து நின்றால் கண்ணாடியில் பிம்பம் விழாது. பழைய பத்திரிகையில் அச்சான படம் என்றால் ஸ்கேன்தான் சரி. 600 டிபிஐ-இல் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்து, மென்பொருளில் அச்சுப் புள்ளியை நீக்கும் ‘டீஸ்கிரீன்’ கொடுங்கள். இல்லாவிட்டால் அச்சின் புள்ளியோடு புள்ளி மோதி, படம் முழுக்கச் சல்லடை போல வரி ஓடும்.

கறுப்பு வெள்ளை அச்சில் முகம்தான் முதலில் இருண்டு போகும். மை தாளில் பரவும், டோனர் என்ற மைத்தூள் நிழலை அடைத்துவிடும்; நம் ஊர்க் கலைஞர்களின் மாநிற முகமும் கறுத்த முகமும் கண், மூக்குத் தெரியாமல் கறுப்புத் திட்டாகிவிடும். அதே படத்தில் வெள்ளை வேட்டி பின்னால் உள்ள வெளுத்த வானத்தோடு கலந்து காணாமல் போகும். இரண்டையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

படம் திருத்தும் மென்பொருளின் லெவல்ஸ் கருவியில் நடுத்தொனியை வெளிச்சமாக்குங்கள். மிக இருண்ட இடம் 90 விழுக்காடு கறுப்பைத் தாண்டக்கூடாது, மிக வெளுத்த இடத்தில் 5 விழுக்காடாவது சாம்பல் இருக்க வேண்டும். திரையில் படம் சற்று வெளிறியது போலத் தெரியும். அது சரியான அடையாளம்தான், அச்சில் ஏறிக்கொள்ளும். எல்லாப் படத்துக்கும் ஒரே எண் பொருந்தாது. முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு வித்வானின் முகம் தெரியாத படத்தைப் போடுவதைவிட அந்த இடத்தைச் சும்மா விடலாம்.

வேறுவேறு அளவில் திருத்திய நான்கு படத்தை ஒரே தாளில் சிறிதாக அடுக்கி, அச்சடிக்கப் போகும் அதே கடையில், அதே தாளில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். எந்த அளவு திருத்தம் அந்த இயந்திரத்துக்குப் பொருந்துகிறது என்பது ஒரே தாளில் தெரிந்துவிடும்.

7. பக்கம் கட்டுதல்

மென்பொருளில் பக்க அளவை முதலிலேயே ஏ5 என்று வையுங்கள். ஏ4-இல் கட்டிவிட்டு அச்சில் பாதியாகச் சுருக்குவது புதியவர்கள் செய்யும் பெருந்தவறு: 12 புள்ளி எழுத்து 8.5 புள்ளியாகிவிடும், அறுபது வயதைத் தாண்டிய ரசிகர் ஒரு வரியும் படிக்க மாட்டார்.

ஓரம்: உள்பக்கம் 18, வெளிப்பக்கம் 14, மேலே 16, கீழே 18 மி.மீ. மடிப்புப் பக்கம் இதழ் முழுசாகத் திறக்காது, அதனால்தான் உள் ஓரம் கூடுதல்.

இன்டிசைனில் தமிழ் போடும்போது, பாரகிராஃப் பலகத்தின் பட்டியலில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ மூன்று துண்டாகும். ஸ்கிரைபஸ் 1.6 இலவசம், தமிழைச் சரியாகக் காட்டும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலும் 32 பக்கத்தைத் தாராளமாகக் கட்டலாம். பேஜ்மேக்கர் யூனிகோடை ஏற்காது. உங்கள் டிடிபிக்காரர் இன்னும் அதில்தான் வேலை செய்கிறார் என்றால் கோப்பைக் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

உடல் எழுத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நன்றாக இருக்கும், கட்டணம் இல்லை. தலைப்புக்கு இன்னொன்று. இரண்டுக்கு மேல் வேண்டாம். தமிழில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் உண்டு, அதனால் வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வேண்டும். 11-க்கு 16 என்று சொன்னது அதற்காகத்தான்.

இரண்டு பத்தியாகப் பிரித்து இருபுறமும் சமன் செய்தால் ‘திருவாவடுதுறையிலிருந்து’ போன்ற ஒரு சொல்லே பாதி வரியைப் பிடித்துக்கொள்ளும், மீதிச் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ஏ5-இல் ஒற்றைப் பத்தி போதும். இரண்டு பத்திதான் வேண்டும் என்றால் வலது ஓரத்தைச் சமன் செய்யாமல் விடுங்கள்.

8. மெய்ப்பு

மூன்று முறை, மூன்று நோக்கத்துக்கு. முதல்முறை பிழை: ல-ள-ழ, ர-ற, ந-ன-ண, ஒற்று. இரண்டாவது முறை பெயர், ஆண்டு, படக்குறிப்பு மட்டும். மூன்றாவது, பக்க எண்ணும் பொருளடக்கமும் பொருந்துகிறதா, ‘தொடர்ச்சி 22-ஆம் பக்கம்’ என்றால் 22-இல் இருக்கிறதா. எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் பார்க்க முயன்றால் எதுவும் பிடிபடாது.

தாளில் எடுத்துப் படியுங்கள். எழுதியவரே மெய்ப்புப் பார்க்கக்கூடாது. அவர் கண் மனதில் இருப்பதைத்தான் படிக்கும். குழுப் படத்தில் ‘இடமிருந்து வலம்’ வரிசையைப் படத்தில் உள்ளவர்களில் ஒருவரிடமாவது காட்டிக் கேளுங்கள். மற்ற பிழைகளை வாசகர் மன்னித்துவிடுவார். தன் தாத்தாவின் பெயரை இன்னொருவர் முகத்துக்குக் கீழே பார்த்தவர் மறக்க மாட்டார்.

9. பிடிஎஃப்

எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் ஆக்குங்கள். அதை உங்கள் கணினியில் மட்டுமல்ல, வேறொரு போனிலும் திறந்து ‘கொ, கோ, கௌ, ஸ்ரீ’ நான்கும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வேர்டு கோப்பைக் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கே எழுத்துரு இல்லையென்றால் பக்கமெல்லாம் நகர்ந்துவிடும்.

ஆஃப்செட் என்றால் உடல் எழுத்து முழுக்கறுப்பாக, கறுப்பு மை ஒன்றில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு வண்ணமும் கலந்த கறுப்பில் எழுத்து அச்சானால் நூலிழை பிசகினாலும் ஓரத்தில் சிவப்பும் நீலமும் தெரியும். ஓரம்வரை ஓடும் படத்துக்கு நாற்புறமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள், வெட்டும்போது போவது அதுதான். ஜெராக்ஸ் இயந்திரம் தாளின் ஓரம்வரை அச்சடிக்காது. அங்கே அட்டையை வெள்ளை ஓரத்தோடு வடிவமைத்துவிடுங்கள்.

பக்கங்களை 1, 2, 3 என்ற வரிசையில் ஒற்றைப் பக்கமாகவே கொடுங்கள். 32-1, 2-31 என்று அடுக்குவதை அச்சிடும் மென்பொருளின் ‘புக்லெட்’ வசதி செய்துகொள்ளும். நீங்கள் அடுக்கிக் கொடுத்து, கடைக்காரரும் புக்லெட் போட்டால் இரண்டு முறை அடுக்கப்பட்டு ஒரு பக்கமும் ஒழுங்காக வராது.

10. கடையிலும் அச்சகத்திலும்

விலை கேட்கும்போது ‘ஒரு பக்கத்துக்கு எவ்வளவு’ என்று கேட்காதீர்கள். நீங்கள் நினைப்பது ஏ5 பக்கம்; அவர் சொல்வது ஏ4-இன் ஒரு புறம். 100 பிரதிக்கு 800 தாள், 1,600 புறம் என்று கணக்கைச் சொல்லியே கேளுங்கள். அட்டை, மடிப்பு, பின், வெட்டு தனித்தனியா, சேர்த்தா என்றும் கேளுங்கள்.

கடையில் சொல்ல வேண்டியது மூன்று: “அண்ணே, ஆக்சுவல் சைஸ்ல போடுங்க, ஃபிட் வேணாம். ஃபிளிப் ஷார்ட் எட்ஜ். முதல்ல ஒரே ஒரு செட் எடுங்க.” ‘ஃபிட்’ கொடுத்தால் பக்கம் சுருங்கி ஓரம் மாறும். லாங் எட்ஜில் திருப்பினால் பின்புறம் தலைகீழாக வரும். அந்த ஒரு செட்டை அங்கேயே மடித்து, டம்மியோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டுவிட்டு மீதியை ஓடவிடுங்கள். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் இதை அவசரப்படுத்த வேண்டாம்.

ஆஃப்செட்டில் 32 பக்க டெமி இதழ் ஒன்றுக்கு 23 × 36 தாள் ஒன்று சரியாகப் போதும். 500 பிரதிக்கு ஒரு ரீம் (500 தாள்), அதற்கு மேல் மை சரிசெய்யும்போது போகும் தாள் 50-ஆவது வேண்டும். அட்டைக்குத் தனிக்கணக்கு. 70 அல்லது 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள் கேளுங்கள். 60-இல் மறுபக்கத்துப் படம் நிழலாடும்.

தாளின் நார் ஓடும் திசை இதழின் முதுகுக்கு, அதாவது மடிப்புக்கோட்டுக்கு, இணையாக இருக்க வேண்டும். குறுக்கே இருந்தால் மடிப்பு வெடிக்கும், இதழ் மூடிக் கிடக்காது. ஒரு தாளை நீளவாக்கிலும் குறுக்கிலும் கிழித்துப் பாருங்கள்: நேராகக் கிழிவதுதான் நார் ஓடும் திசை. அட்டைக்கு இது கட்டாயம்.

ஐப்பசி, கார்த்திகையில் வேலை என்றால் ரீமின் உறையை அச்சடிக்கும்போதுதான் பிரிக்க வேண்டும். பிரித்து வைத்த தாள் ஈரத்தை இழுத்து ஓரம் நெளியும், இயந்திரத்தில் சிக்கும்.

11. மடிப்பு, பின், வெட்டு

எட்டுத் தாளையும் அட்டையையும் ஒன்றாக மடிக்க முயலாதீர்கள். முதுகு உருண்டு நிற்கும். இரண்டிரண்டு தாளாக மடித்து, ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்து, பிறகு ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். அட்டையைத் தனியாக, மை தீர்ந்த பேனா முனையால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மடிக்க வேண்டும். அட்டையின் முதுகுப் பகுதியில் கருநிறம் இருந்தால் மடிப்பில் டோனர் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். அந்த 1 செ.மீ. வெளிர்நிறமாக இருக்கட்டும்.

பின் இரண்டு: 210 மி.மீ. உயரத்தில் மேலிருந்து 52-இலும் கீழிருந்து 52-இலும். மடித்த பக்கத்தைத் திருப்பி விரித்து, முதுகுக்கோட்டின் மேல் வெளியிலிருந்து உள்ளே குத்த வேண்டும். பின்னின் கால்கள் 16-17 நடுவில் மடங்கும். நீண்ட கை ஸ்டேப்லர் இல்லையா? சாதாரண ஸ்டேப்லரைத் திறந்து, அடியில் அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றை வைத்துக் குத்தி, இதழை மெதுவாகத் தூக்கிக் கால்களை ஸ்பூனால் உள்ளே மடக்குங்கள். 24/6 பின் இந்தக் கனத்துக்குப் போதும்.

துருவை மறக்காதீர்கள். கடலோரக் காற்றுள்ள நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் சாதாரணப் பின் ஓரிரு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளில் கறை விடும். 50 பிரதிக்குள் என்றால் நூலால் தைப்பது மேல். கோட்டில் மூன்று துளை. நடுத்துளையில் உள்ளிருந்து ஊசியை வெளியே விட்டு, மேல்துளையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே போய், மீண்டும் நடுவில் உள்ளே வந்து, நீள நூலை நடுவே பிடித்தபடி முடிச்சு. இரட்டைப் பருத்தி நூல், நுனியில் மெழுகு.

வெட்டு எப்போதும் பின்னுக்குப் பிறகு. மடித்துச் செருகும்போது உள்தாள் வெளித்தாளைவிட நீட்டிக்கொண்டிருக்கும். தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. என்றால் எட்டுத் தாளில் முக்கால் மி.மீ. ஆகும். அதைச் சமன் செய்யத்தான் முன் ஓரத்தில் 2, 3 மி.மீ. வெட்டுகிறோம். பக்க எண்ணை ஓரத்துக்கு மிக நெருங்கி வைத்திருந்தால் நடுத்தாள்களில் எண்ணும் சேர்ந்து போய்விடும். கட்டிங் மெஷினில் கொடுக்கும்போது இருபது இருபதாக, முதுகு ஒருமுறை இடம் ஒருமுறை வலமாக மாற்றி அடுக்கிக் கொடுங்கள். ஒரே பக்கம் அடுக்கினால் கட்டு சாய்ந்து வெட்டு கோணும்.

12. அனுப்புதல்

உறையோடு ஒரு பிரதியை அஞ்சலகத்துக்கே எடுத்துப்போய் எடை போட்டு, எந்தச் சேவையில் எவ்வளவு என்று கேட்ட பிறகு சந்தா விலையை நிர்ணயியுங்கள். முகவரியை அச்சிட்டு ஒட்டுங்கள். மழை மாதத்தில் உறைக்குள் மெல்லிய பாலித்தீன்.

கட்டுகளைத் தரையில் வைக்காதீர்கள். டெல்டா மண்ணில் தரை ஓதம் ஏறும், கரையானும் வரும். பெஞ்சின் மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

புத்தகமாக வெளியிடுபவர்கள் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னைக் கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். உங்கள் இதழ் அந்த வகையில் வராவிட்டாலும் கன்னிமாராவுக்கு ஒன்று அனுப்பி வையுங்கள். கலைஞர்களைப் பற்றிய பல தகவல்கள் இப்படிப்பட்ட சின்ன இதழ்களில்தான் அச்சேறுகின்றன.

ஒரு பிரதியை ‘கோப்புப் பிரதி’ என்று எழுதி வைத்து, வாசகர் சொல்லும் பிழை ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவால் அதில் குறியுங்கள். அச்சுக்குப் போன பிடிஎஃப், திருத்திய படங்கள், அனுமதிச் செய்திகள், சொல் பட்டியல் நான்கும் ஒரே பென் டிரைவில், இதழ் எண்ணும் மாதமும் எழுதி. இரண்டாம் இதழின் டம்மியை மடிக்கும்போது அந்தப் பிரதி மேசையில் திறந்திருக்கட்டும்.